மணல் கடைசியாகக் கண்ட வெயில்

பள்ளிப் படிப்பை முடிக்கவிருக்கும் வாசகி ஒருவர், பல்கலைக்கழகத்தில் புவி அறிவியலோடு, மண்ணையும் பாறையையும் கொண்டு தொல்லிடங்களை ஆராயும் புவித்தொல்லியலையும் சேர்த்துப் படிக்க விரும்புவதாக எழுதிவிட்டு, "அங்கே மண்ணை வைத்துக்கொண்டு என்னதான் செய்வார்கள்? எலும்புக்கு வயது சொல்லலாம். மண்ணுக்கு எப்படிச் சொல்வது?" என்று கேட்டிருக்கிறார். இரண்டாவது கேள்விக்கு விடை கண்டால் முதலாவதற்கும் பெரும்பகுதி விடை கிடைத்துவிடும்.

கனிமங்களையும் பாறைகளையும் இனங்காண்பது, நில வரைபடம் வரைவது, கீழடுக்கு மூத்தது என்ற விதியையும் அது பொய்க்கும் இடங்களையும் அறிவது ஆகியவை தொடக்கப் பாடங்கள். பிறகு, மண்கட்டியைப் பிசினில் தோய்த்து இறுக்கி, 0.03 மில்லிமீட்டர் தடிமனுக்குத் தேய்த்து, அதிலுள்ள கரி அங்கேயே எரிந்த அடுப்பினுடையதா, வெள்ளம் கொண்டுவந்து போட்டதா என்று நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். கரியோ எலும்போ கிடைத்தால் கதிரியக்கக் கார்பன் முறை கைகொடுக்கும். ஆனால் அது ஏறத்தாழ 50,000 ஆண்டுகளோடு நின்றுவிடும், வெறும் மணலிடம் அதற்கு வேலையும் இல்லை.

வெறும் மணலுக்கென்றே ஒரு முறை உண்டு. குவார்ட்ஸ் என்னும் கனிமத்தாலான மணலின் ஒவ்வொரு மணியும் ஒரு படிகம். எந்தப் படிகமும் பழுதற்றதன்று. ஓரிடத்தில் ஓர் அணு விடுபட்டிருக்கும், வேறோரிடத்தில் அயல் அணு புகுந்திருக்கும். சுற்றியுள்ள மண்ணில் மிகச் சிறிய அளவில் இருக்கும் யுரேனியம், தோரியம், பொட்டாசியம்-40 ஆகியவற்றின் கதிர்வீச்சும் விண்ணிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்களும் படிகத்துக்குள் எலக்ட்ரான்களை இடம்பெயரச் செய்கின்றன. பெரும்பாலானவை உடனே இருப்பிடம் திரும்பிவிட, சில மட்டும் அந்தப் பழுதுகளில் விழுந்து, எலிப்பொறியில் சிக்கியதைப் போல, ஆயிரக்கணக்கான ஆண்டுகள் அங்கேயே கிடக்கின்றன. வெயில் பட்டால் பொறிகள் திறந்துகொள்ளும். குவார்ட்ஸுக்குச் சில நிமிட நேரடி வெயிலே போதும். ஆகவே காற்றோ ஆறோ சுமந்துவரும்போது மணியின் கணக்கு பூஜ்யமாகிறது. மேலே மண் மூடி இருள் கவிந்ததும் புதுக்கணக்கு தொடங்குகிறது.

எனக்கு மிகவும் பிடித்தது இதற்கு அடுத்த கட்டம். ஒளி புகாத குழாயை அகழ்குழியின் சுவரில் அடித்து எடுத்த மணலை, மங்கிய சிவப்பு விளக்கு மட்டும் எரியும் அறையில் பிரித்து, அதன்மீது நீல ஒளியைப் பாய்ச்சுகிறார்கள். விடுபட்ட எலக்ட்ரான்கள் இருப்பிடம் திரும்பும்போது மணல் மிக மெலிதாக ஒளிர்கிறது. வெளிவருவது நீலமன்று, நீலத்தைவிட ஆற்றல் மிக்க புறஊதா ஒளி. கொடுத்ததைவிட அதிக ஆற்றலுடன் ஒளி திரும்பி வருவது ஏமாற்று வித்தையன்று; மிகுதி, இருளில் கிடந்த காலம் முழுவதும் மணி சேர்த்துவைத்த சேமிப்பிலிருந்து வருவது. தமிழில் 'பொறி' என்பது கண்ணியையும் குறிக்கும், நெருப்புத் துளியையும் குறிக்கும். இந்த இயற்பியலுக்கு இதைவிடப் பொருத்தமான சொல் அகப்படாது. 1985இல் டேவிட் ஹண்ட்லியும் அவருடைய சக ஆய்வாளர்கள் இருவரும் கனடாவிலிருந்து இம்முறையை முதன்முதலில் அறிவித்தபோது தூண்டுவதற்குப் பச்சை லேசரைப் பயன்படுத்தினார்கள்.

மீதி வகுத்தல் கணக்குத்தான். மணல் மொத்தம் 45 கிரே (ஏற்ற கதிர்வீச்சை அளக்கும் அலகு) கதிர்வீச்சை ஏற்றிருக்கிறது என்று ஒளிர்விலிருந்து தெரிகிறது, சுற்றுமண் ஆயிரம் ஆண்டுக்கு 1.5 கிரே வழங்குகிறது என்றால் வயது 30,000 ஆண்டுகள். ஈரம் கதிர்வீச்சை உறிஞ்சுவதால், மண்ணின் நீர்ச்சத்தை ஒரு சதவீதம் பிசகாகக் கணித்தால் வயதும் ஏறத்தாழ ஒரு சதவீதம் பிசகும். பழைய நிலத்தடி நீர்மட்டம் எங்கே இருந்தது என்ற சலிப்பூட்டும் பாடம் இதற்காகவே நடத்தப்படுகிறது. பொறிகள் நிரம்பிவிட்டால் கடிகாரம் நின்றுவிடும் என்பதால், குவார்ட்ஸைக் கொண்டு பெரும்பாலும் ஒன்று அல்லது ஒன்றரை லட்சம் ஆண்டுகளுக்கு மேல் போக இயலாது.

கருவி சரியாக இருந்தும் வயது தவறலாம். வடக்கு ஆஸ்திரேலியாவின் ஜின்மியம் பாறை மறைவிடத்தில் மனிதர் செய்த கற்கருவிகள் 1,16,000 ஆண்டுகள் பழமையானவை என்று 1996இல் அறிவிக்கப்பட்டது. மணலைச் சூடாக்கி ஒளிரவைக்கும் மூத்த முறையில் கிடைத்த எண் அது. பல மணிகளின் ஒளியை ஒன்றாகக் கூட்டி அளந்தது. தொன்மை கூடக்கூடப் பெருமை கூடும் என்ற மயக்கம் எல்லா நாடுகளிலும் உண்டு, அந்த மயக்கத்துக்குத்தான் நிதியும் எளிதில் கிடைக்கிறது. குழாயில் அடைத்த மண்ணை மறுபடி அளப்பதற்குப் பணம் கேட்பவருக்கு அவ்வளவு எளிதில் கிடைப்பதில்லை என்பது என் கருத்து. நல்லவேளையாக இங்கே மறுபடி அளந்தார்கள். 1998இல் மணிமணியாகப் பிரித்து ஒளியால் தூண்டியபோது, படிவின் வயது 10,000 ஆண்டுகளுக்கும் குறைவு என்று தெரிந்தது. படிவுக்குள் கிடந்த பாறைத் துண்டுகள் புதைந்த இடத்திலேயே சிதைந்து மணலாகியிருந்தன. அவற்றின் உட்புறத்து மணிகள் வெயிலைக் காணாமலே கலந்துவிட்டதால், அவற்றின் பழைய கணக்கு அழியவே இல்லை. அந்தக் கலப்பை ஐயுறுவதற்கு, குழாயைச் சுவரில் அடிக்கும் முன்பே, எந்த மணல் காற்றில் வந்தது, எது பாறையிலிருந்து உதிர்ந்தது என்று பார்க்கத் தெரிந்திருக்க வேண்டும். வாசகி கேட்ட படிப்பில் களப்பயிற்சி நாட்களின் பெரும்பகுதி இதற்கே செலவாகும்.