கடைசி வீடாகிவிடுவோம் என்று பயந்து காணியை விற்காதீர்கள்

மட்டக்களப்பு நகருக்கும் முஸ்லிம் ஊரான காத்தான்குடிக்கும் இடைப்பட்ட ஒரு ஒழுங்கை. பெயர் வேண்டாம். தமிழரும் முஸ்லிம்களும் அங்கே வேலிக்கு வேலி இருந்தார்கள். போன கிழமை அந்த ஒழுங்கையிலிருந்து மூன்றாவது குடும்பமும் நொத்தாரிசான என்னிடம் காணி உறுதி எழுத வந்துவிட்டது. ஏன் விற்கிறீர்கள் என்று கேட்டேன். கடன் இல்லை, கல்யாணச் செலவு இல்லை, வெளிநாட்டுப் பயணமும் இல்லை. "எல்லாரும் போறாங்க சேர், நாங்க மட்டும் தனிய இருந்து என்ன செய்யிற?" என்றார் அந்த ஐயா. எல்லாரும் என்று அவர் சொன்னது இரண்டு வீடுகளை. முதலில் விற்றவருக்குக் கிடைத்த விலையும் இவருக்குக் கிடைக்கவில்லை.

தமிழர் நிறைந்த ஊர்களில் தலைமுறையாகக் கடை வைத்திருந்த முஸ்லிம் குடும்பங்களும் இதே வார்த்தைகளோடுதான் வருகிறார்கள். நொத்தாரிசு வேலையில் இதைக் கேட்டுக் கேட்டு எனக்குப் பொறுமை போய்விட்டது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். 1990 இல் வீட்டை விட்டு ஓடியவர்களைப் பற்றி நான் பேசவில்லை. ஆகஸ்ட்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களிலும் ஏறாவூரிலும், செப்டெம்பரில் சத்துருக்கொண்டானிலும் நடந்த படுகொலைகளுக்குப் பிறகு உயிருக்குப் பயந்து போனவர்களிடம் ஏன் போனாய் என்று கேட்க யாருக்கும் உரிமை இல்லை. நான் பேசுவது இன்று, சுடுவார் யாரும் இல்லாத காலத்தில், ஒரு புரோக்கரின் சொல்லைக் கேட்டு விற்பவர்களைப் பற்றி.

எனக்கு மிகவும் எரிச்சல் தருவது, "அவங்க திட்டம் போட்டு ஊரைப் பிடிக்கிறாங்க" என்ற பேச்சு. இரண்டு பக்கத்தாரும் அடுத்த பக்கத்தாரைப் பற்றி இதைச் சொல்கிறார்கள். படித்தவர்களும் சொல்கிறார்கள். காசு கைமாறும்போது எதிரே இருந்து பார்ப்பவன் நான். காணி வாங்க வருபவர் யார் தெரியுமா? பெரும்பாலும் பெண் பிள்ளைகளைப் பெற்ற ஒரு தகப்பன். நம் கரையோர வழக்கம் உங்களுக்குத் தெரியும். கல்யாணமானால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். மகளுக்கு வீடு எழுதிக் கொடுக்க வேண்டும். தமிழருக்கும் இது வழக்கம், முஸ்லிம்களுக்கும் இதுவே வழக்கம். குடி என்ற குல வழியைத் தாய் வழியாக எண்ணுவதும் இரு பக்கத்துக்கும் பொது. மூன்று மகள் இருந்தால் மூன்று வீடு. அந்த வீடு உம்மா வீட்டுக்குப் பக்கத்தில், அம்மா வீட்டுக்குப் பக்கத்தில், கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் இருக்க வேண்டும்.

இனி காத்தான்குடியைப் பாருங்கள். மேற்கே வாவி, கிழக்கே கடல். உள்ளே இடம் முடிந்து எவ்வளவோ காலமாகிறது. மூத்த மகளுக்குப் பாதி வளவைப் பிரித்துக் கொடுத்தாயிற்று, இரண்டாவது மகளுக்கு மேல்மாடி கட்டியாயிற்று. மூன்றாவது மகளுக்கு அந்தத் தகப்பன் எங்கே போவார்? வடக்கே மஞ்சந்தொடுவாய்ப் பக்கம், தெற்கே தமிழர் ஊரான ஆரையம்பதிப் பக்கம். சொந்த ஊருக்குள் அதைவிடக் கூடிய விலை கேட்பதால் இங்கே கொஞ்சம் ஏற்றிக் கொடுக்கவும் அவர் தயார். ஆரையம்பதித் தகப்பனும் தன் மகளுக்கு இதே கணக்கைத்தான் போடுகிறார், அவருடைய ஊர் எல்லைக்குள். இதில் திட்டம் எங்கே இருக்கிறது? இரண்டு தகப்பன்மாரும் மகளைத் தவிர வேறு யாரையும் நினைக்கவில்லை. ஆனால் உறுதிகளை அடுக்கி வைத்துப் பார்த்தால், ஒரு கலப்பு ஒழுங்கை கொஞ்சம் கொஞ்சமாக ஒரே இனத்தின் ஒழுங்கையாவது தெரிகிறது.

பகை இல்லாமலே ஊர் பிரியும் என்பதை 1971 இல் அமெரிக்கப் பொருளியலாளர் தோமஸ் ஷெல்லிங் ஒரு கட்டுரையில் காட்டினார். கட்டம் போட்ட பலகையில் இரண்டு வகைக் காசுகளைக் கலந்து வைத்தார். அக்கம்பக்கத்தில் மூன்றில் ஒரு பங்கு தன் வகை இருந்தாலே ஒவ்வொரு காசுக்கும் போதும், அதற்கும் குறைந்தால் மட்டும் வேறு கட்டத்துக்குப் போகும் என்று விதி வைத்தார். அடுத்த வகையை வெறுக்கும் காசு ஒன்றுகூட இல்லை. அப்படியிருந்தும் நகர்த்தி முடிந்தபோது பலகை பெரும் பெரும் திட்டுகளாகப் பிரிந்து நின்றது. ஒரு காசு நகர்ந்தால் அது விட்டுப்போன இடத்தில் அதன் வகைக்கு ஆள் குறைகிறது, பக்கத்துக் காசுக்கும் இருக்க முடியாமல் போகிறது. அந்த ஐயா சொன்ன "எல்லாரும் போறாங்க" இதுதான். ஷெல்லிங்குக்கு 2005 இல் பொருளியல் நோபல் பரிசு கிடைத்தது.

அப்புறம் புரோக்கர்கள். எல்லாரையும் சொல்லவில்லை. ஆனால் "அடுத்த வளவும் பேசி முடிஞ்சுது, நீங்க பிந்தினா இந்த விலையும் வராது" என்பவரை எனக்கு நன்றாகத் தெரியும். இந்த வித்தையும் பழையது. அமெரிக்க நகரங்களில் கறுப்பினத்தவர் வருகிறார்கள் என்று வெள்ளைக்காரரைப் பயமுறுத்தி, அடிமாட்டு விலைக்கு வீட்டை வாங்கி, கறுப்பினக் குடும்பங்களுக்கே கொள்ளை விலைக்கு விற்றார்கள். 1968 இல் அங்கே அதைச் சட்டத்தால் தடுத்தார்கள். இங்கே உங்களுக்கு ஒரு வழி இருக்கிறது: அடுத்த வளவுக்காரரிடம் நீங்களே போய்க் கேளுங்கள். நாலு எட்டு நடந்தால் போதும். நடக்கிறீர்களா? இல்லை. நேரே என்னிடம் வந்துவிடுகிறீர்கள்.

இன்னொரு குழப்பம்: வேறு இனத்தவருக்கு விற்கச் சட்டம் விடாது, பக்கத்துக் காணிக்காரருக்கு முதல் உரிமை உண்டு என்று சிலர் வாதாடுகிறார்கள். அது தேசவழமை என்ற வழக்குச் சட்டத்தில், கூட்டுச் சொந்தக்காரருக்கு முதலில் விற்க வேண்டும் என்ற பங்காளி உரிமையைப் பற்றி அரைகுறையாகக் கேட்டது. தேசவழமை யாழ்ப்பாணத் தமிழருக்கு, மட்டக்களப்புத் தமிழரை அது கட்டுப்படுத்தாது. இலங்கையில் எங்கும் குடியிருக்கும் இடத்தைத் தெரிவு செய்யும் சுதந்திரம் அரசியலமைப்பின் 14 ஆம் உறுப்புரையில் இருக்கிறது.

அதனால் கோயில் சபைக்கும் பள்ளி நிர்வாகத்துக்கும் கைகூப்பிக் கேட்கிறேன், "அவர்களுக்கு விற்காதே" என்று கூட்டம் போடாதீர்கள். கூட்டம் போட்ட ஊரில் விற்பனை நிற்பதில்லை. வேறொருவருக்கு அதிகாரம் எழுதிக் கொடுக்கும் அற்றோணித் தத்துவத்திலும் மூன்றாம் ஆளின் பெயரிலும் இரகசியமாக நடக்கிறது. ஒரு நாள் விடிந்தால் புது மதில் நிற்கும். அப்போது பயம் இரண்டு மடங்காகும். வீடு இனக் கணக்காகிவிட்டால் என்ன ஆகும் என்பதை அம்பாறை மாவட்டத்தில் பார்த்தோமே: சுனாமிக்குப் பிறகு சவூதி உதவியில் நுரைச்சோலையில் கட்டிய 500 வீடுகள் எந்த இனத்தவருக்கு என்ற வழக்கில், ஆண்டுக்கணக்காக ஆளில்லாமல் கிடந்தன.

விற்க நினைப்பவர்களே, ஒரே நாளில் அட்வான்ஸ் வாங்காதீர்கள். சாதாரணத் தாளில் எழுதிய விற்பனை செல்லாது. நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் வேண்டும் என்பது 1840 ஆம் ஆண்டுச் சட்டம், இன்றைக்கும் அதுதான். அரசு அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த பெர்மிட் காணி என்றால் பிரதேச செயலகத்தின் எழுத்து அனுமதி இல்லாமல் கைமாற்றவே முடியாது. பிள்ளையின் பாடசாலைக்காகவோ மகளோடு இருக்கவோ இடம் மாறுகிறீர்களா? வீட்டை வாடகைக்குக் கொடுத்துப் பாருங்கள். திரும்பி வர ஒரு வாசல் இருக்கும். வாடகைக்காரர் எழும்பமாட்டார் என்ற பயம் நியாயமானதுதான். ஆனால் ஒழுங்காக எழுதிய குத்தகை முடிந்தபின் வீட்டை மீட்க 2023 இல் தனிச் சட்டமே வந்திருக்கிறது.

வாங்குபவர்களே, அந்த ஒழுங்கையில் உங்கள் இனத்தில் முதல் வீடு உங்களுடையது என்றால், மதிலுக்குக் கல் இறக்குமுன் எல்லா வீட்டுக்கும் ஒருதரம் போய் வாருங்கள். மகளுக்காக வாங்கினேன் என்று சொல்லுங்கள். மகள் உள்ளவர்களுக்கு அது உடனே விளங்கும்.

இவ்வளவுக்குப் பிறகும் விற்கத்தான் வேண்டும் என்றால் வாருங்கள், எழுதித் தருகிறேன். யாருக்கு விற்கிறீர்கள் என்பது என் கேள்வி இல்லை. தாய் உறுதி (காணியின் முந்தைய மூல உறுதி), பிளான், வரிப் பற்றுச்சீட்டு மூன்றையும் கொண்டு வாருங்கள். வருமுன் இடப்பக்க வீட்டிலும் வலப்பக்க வீட்டிலும் சொல்லிவிட்டு வாருங்கள்.