பாறைக்கு ஒரு ரகம், கற்குவியலுக்கு ஒரு ரகம்

கடலோரக் கணக்கெடுப்பு அறிக்கைகளைச் சரிபார்க்கும்போது அடிக்கடி கண்ணில் படுவது இதுதான்: இனத்தின் பெயர், எண்ணிக்கை, அதோடு சரி. மாதிரி எடுத்த இடம் அலை நேராக மோதும் பாறையா, ஒதுங்கிய கரையா என்ற குறிப்பே இருக்காது. நத்தை, சிப்பி விஷயத்தில் இது சின்ன விடுபடல் இல்லை.

ஸ்வீடனின் மேற்குக் கரையில் லிட்டோரினா சாக்ஸாடிலிஸ் என்றொரு கடல் நத்தை உண்டு. கற்கள் குவிந்த கரையில் நண்டுத் தொல்லை அதிகம். அங்குள்ள நத்தைக்கு உடல் பெரிது, ஓடு தடிமன், ஓட்டின் வாய் குறுகல். தொட்டால் உள்ளே போய்விடும். லேசில் வெளியே வராது. சில பத்து மீட்டர் தள்ளி, அலை அறையும் பாறையில் இருப்பதோ சிறியது, ஓடும் மெல்லியது. வாயும் பாதமும் அகலம். சீண்டினாலும் உடனே தலை நீட்டும். அங்கே பயந்து பிடியை விட்டால் கடலோடு போகவேண்டியதுதான்! இந்த ஒரே இனத்துக்குப் பழைய வகைப்பாட்டாளர்கள் நூற்றுக்கும் மேல் பெயர் வைத்ததில் வியப்பில்லை.

எல்லையில் இரண்டும் கலக்கவும் செய்கின்றன. ஆனாலும் ஒன்றாகிவிடுவதில்லை. பெண் நத்தையைப் பிரித்து நுண்ணோக்கியில் வைத்தால், ஓடு முளைத்த குஞ்சுகள் மணல்போல நெருக்கிக் கிடப்பது தெரியும். அவை பிறந்த இடத்திலேயே ஊரத் தொடங்குபவை. உறவான லிட்டோரினா லிட்டோரியாவின் லார்வாக்கள் நீரோட்டத்தில் வெகுதூரம் மிதந்து போகும். அதன் கூட்டங்களுக்கிடையே மரபணு வேறுபாடு குறைவு. சாக்ஸாடிலிஸில் இன்னொன்றும் சேர்கிறது: குரோமோசோமின் சில துண்டுகள் தலைகீழாகத் திரும்பியிருப்பதால், அவற்றிலுள்ள மரபணுக்கள் கலப்பிலும் எளிதில் பிரிவதில்லை.

1988-இல் நச்சுப்பாசி பெருகி, அங்குள்ள சிறு பாறைத்தீவுகளில் இந்த நத்தைகள் அழிந்தன. அப்படியொரு தீவில் 1992-இல் கடல் உயிரியலாளர் கெர்ஸ்டின் யோஹன்னெசன் நண்டுக்கரை ரகத்தைக் கொண்டுபோய் விட்டார். முப்பது ஆண்டுகளில் அவற்றின் சந்ததி அலைப்பாறை ரகமாகவே மாறியது. ஆய்வு 2024-இல் வெளியானது.

"பார்த்தீர்களா, எங்கிருந்து கொண்டுவந்து விட்டாலும் பழகிக்கொள்ளும்" என்று இதைக் காட்டி வாதிடுபவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. தேவையான மரபணு வடிவங்கள் அந்த நத்தைகளுக்குள் ஏற்கெனவே குறைந்த அளவில் இருந்தன. பக்கத்துத் தீவின் அலைப்பாறைக் கூட்டத்திலிருந்தும் கொஞ்சம் வந்து சேர்ந்தது. இரண்டும் வற்றிய கரையில் இந்த மாற்றத்தை எதிர்பார்க்க முடியாது.

எனவே மாதிரிக் குப்பியில் இனப்பெயரோடு பாறையா, கற்குவியலா, அலை எப்படி, நண்டு உண்டா என்பதையும் ஒரு சீட்டில் எழுதி உள்ளே போடுங்கள். பென்சிலால் எழுதுங்கள், பேனா மை மாதிரியைப் பாதுகாக்கும் எத்தனாலில் கரைந்துவிடும்.