இலகுரகம்: எடையா, எளிமையா?

காரைக்குடியில் கார் லைசென்ஸ் எடுத்த யாருக்கும் 'இலகுரக வாகனம்' என்ற சொல் பழக்கம். நம் சட்டப்படி மொத்த எடை 7,500 கிலோ வரை இலகுரகம்தான். அமெரிக்காவிலோ 2004 விதிப்படி 'லைட் ஸ்போர்ட்' என்ற சிறு விமானம், ஆள், பெட்ரோல், பை எல்லாம் சேர்த்து 600 கிலோவைத் தாண்டக் கூடாது என்றிருந்தது. செட்டிநாட்டின் போர்க்கால ஓடுதளம் பற்றி எழுத உட்கார்ந்தபோது இந்த 'லைட்'டைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று சிக்கிக்கொண்டேன்.

'இலகு' வடமொழி 'லகு'. ல-வில் சொல் தொடங்காத மரபால் முன்னே இகரம் ஏறியது. ஒளிர்தல் என்ற பொருளில் தமிழுக்கே உரிய 'இலகு' வேறு. 'ரகம்' உருது வழி வந்தது, 'வகை' போதும்.

நேர்த்தமிழ் 'நொய்'. முறத்தில் புடைத்து, "நொய்யத் தனியா எடுத்து வையி, கஞ்சிக்காகும்" என்பார் அப்பத்தா. ஆனால் நொய்ந்தது என்றால் நைந்தது என்றும் ஆகும். நொய்வானூர்தியில் யார் ஏறுவார்?

'எடைகுறை வானூர்தி' சரியாகத்தான் இருந்தது. இவ்வகையை ஓட்டும் விமானிக்கு அங்கே மருத்துவச் சான்று வேண்டாம், அதற்குப் பதில் கார் லைசென்ஸே போதும். அதனால்தான் 600 என்ற எண்ணுக்கு அத்தனை சண்டை. தலைமுறைகள் பறக்கக் கற்ற செஸ்னா 150-இன் உச்ச எடை சுமார் 726 கிலோ; அப்போது எல்லைக்கு வெளியே. காற்றுக்கு அதிகம் ஆடாத, பழகிய விமானம் கூடாது, அதைவிட லேசானது கூடும் என்பது எனக்கும் விளங்காத கணக்கு. இன்னொரு வேடிக்கை: கடைசியாக மருத்துவச் சான்று கேட்டு மறுக்கப்பட்டவருக்குக் கார் லைசென்ஸ் சலுகை கிடையாது, கேட்காமலே இருந்தவருக்கு உண்டு.

2025இல் அந்த எடை வரம்பே போனது. இப்போது அளவுகோல் ஸ்டால் வேகம், அதாவது எந்த வேகத்துக்குக் கீழே இறக்கை விமானத்தைத் தாங்காதோ அது. (எஞ்சின் நிற்பதல்ல.) இந்த விமானிகளுக்கு அது 59 நாட், மணிக்குச் சுமார் 109 கி.மீ. மெதுவாக இறங்க முடிந்தால் சரி, கனம் பொருட்டில்லை.

ஆகவே 'எடைகுறை' இனிப் பொய். 'லகு'வுக்குள் எளிது என்ற பொருளும் உண்டே, அதைப் பிடித்துக்கொண்டு 'எளிவகை வானூர்தி' என்று எழுதுகிறேன். இந்தியாவில் சொந்தமாகப் பறக்கும் விமானி உரிமத்துக்கும் இரண்டாம் வகை மருத்துவச் சான்று வேண்டும் என்பதால், இங்கே 'எளி' வானூர்திக்கு மட்டும்தான்.