சிரோசிஸ்: ஈரல் சுருக்கமா, ஈரல் இறுக்கமா?

மருத்துவமனையின் டிஸ்சார்ஜ் சம்மரியில் 'டிசிஎல்டி' (நாட்பட்ட ஈரல் நோய் முற்றி, ஈரல் ஈடுகொடுக்க முடியாமல் போன நிலை) என்று எழுதிவிட்டு, வீட்டாரிடம் "ஈரல் சுருங்கிப்போச்சு" என்று சொல்லி அனுப்புவார்கள். இரண்டுக்கும் அடியில் இருக்கும் நோயின் பெயர் சிரோசிஸ்.

பெயர் வைத்தவர் ஸ்டெதஸ்கோப்பைக் கண்டுபிடித்த பிரெஞ்சு மருத்துவர் ரெனே லென்னெக், ஆண்டு 1819. கிரேக்கத்தில் 'கிர்ரோஸ்' என்றால் பழுப்பு கலந்த மஞ்சள். இறந்தவரின் ஈரலை அறுத்துப் பார்த்தபோது தெரிந்த முடிச்சுகளின் நிறம் அது. கடினமானது என்று பொருள்படும் 'ஸ்கிர்ரோஸ்' வேறு சொல். இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் இன்றும் உண்டு. ஆக, மூலப்பெயரில் சுருக்கமும் இல்லை, இறுக்கமும் இல்லை. வெறும் நிறம்தான்.

நோயின் வேலை ஈரலுக்குள் விண்மீன் வடிவத்தில் இருக்கும் ஒருவகைச் செல்களில் தொடங்குகிறது. சும்மா இருக்கும்போது அவை வைட்டமின் ஏ-யைச் சேமித்து வைப்பவை. மது, ஹெபடைடிஸ் பி, சி, கொழுப்புப் படிவு என்று ஏதாவதொன்று ஆண்டுக்கணக்கில் ஈரலைப் புண்ணாக்கினால், சேமிப்பை இழந்து கொலாஜன் நாரைச் சுரக்க ஆரம்பிக்கும். இந்த நார்த்தழும்புதான் ஃபைப்ரோஸிஸ். எஃப்1 முதல் எஃப்4 வரை படி பிரிப்பார்கள். தழும்புப் பட்டைகள் ஒன்றோடொன்று இணைந்து, புதிதாக வளரும் ஈரல் செல்களை வளைத்து முடிச்சுகளாக்கினால் அது எஃப்4, அதாவது சிரோசிஸ். இரத்தம் ஊடுருவ வழியில்லாமல், குடலிலிருந்து ஈரலுக்கு இரத்தம் கொண்டுவரும் போர்ட்டல் சிரையில் அழுத்தம் ஏறும். ஈரலுக்குள் நுழையும் இரத்தத்துக்கும் வெளியேறும் இரத்தத்துக்கும் உள்ள அழுத்த வேறுபாடு 5 மி.மீ. பாதரசம் வரை இயல்பு. 10-ஐத் தொட்டால் மகோதரம் (வயிற்றில் நீர் கோத்தல்), உணவுக்குழாய்ச் சிரைப் புடைப்பு ஆகியவற்றுக்கு வாசல் திறக்கும்.

தமிழில் என்ன சொல்வது? 'ஈரல் அழற்சி' கூடாது, அது ஹெபடைடிஸ். 'இழைநார் வளர்ச்சி' ஃபைப்ரோஸிஸுக்குப் பொருந்தும், ஆனால் முடிச்சுகளைச் சொல்லாது. 'கரணை நோய்' என்றால் இன்றைய வாசகருக்குக் கரும்புக் கரணையும் கொத்தனார் கரணையுமே நினைவுக்கு வரும். 'சுருக்கம்' பிற்காலத்துக்குச் சரி. மதுவால் வரும் சிரோசிஸில் தொடக்கத்தில் ஈரல் பெருத்தே இருக்கலாம். ஸ்கேனில் "ஈரல் பெரிதாக இருக்கிறது" என்று வந்ததும் சுருக்கம் இல்லை என்று நிம்மதியாகிவிடுபவர்களுக்கு அந்தச் சொல் தீங்கே செய்கிறது. 'ஈரல் இறுக்கம்' என்பதே என் தேர்வு. இன்று மருத்துவர்கள் அளப்பதும் ஏறத்தாழ அதைத்தான்.

அந்த அளவீடு ஃபைப்ரோஸ்கேன். விலா இடுக்கில் கருவியை வைத்து அதிர்வலை அனுப்பி, விறைப்பைக் கிலோபாஸ்கலில் சொல்லும். 2015-இல் போர்ட்டல் சிரை அழுத்தம் பற்றிய நிபுணர்களின் பாவெனோ மாநாடு வகுத்த வரையறைப்படி 10-க்குக் கீழ் என்றால் முற்றிய நோய்க்கு வாய்ப்பு குறைவு; 15-ஐத் தாண்டினால் அதிகம். மூன்று மணி நேரமாவது வெறும் வயிறு வேண்டும். சாப்பிட்டுவிட்டுப் படுத்தாலும், மஞ்சள் காமாலை உச்சத்தில் இருந்தாலும், இதயம் தளர்ந்து ஈரலில் இரத்தம் தேங்கினாலும் எண் பொய்யாக ஏறும்.

கருவி இல்லாத ஊரில் இரத்தப் பரிசோதனை எண்களை வைத்து ஃபிப்-4 கணக்குப் போடலாம். ஏஎஸ்டி, ஏஎல்டி இரண்டும் ஈரல் நொதிகள். வயதை ஏஎஸ்டி-யால் பெருக்கி, தட்டணு (பிளேட்லெட்) எண்ணிக்கையையும் ஏஎல்டி-யின் வர்க்கமூலத்தையும் பெருக்கி வரும் எண்ணால் வகுக்க வேண்டும். வயது 50, ஏஎஸ்டி 60, ஏஎல்டி 49, தட்டணு 1.5 லட்சம் என்றால் 3000-ஐ 1050-ஆல் வகுக்க, 2.86. 1.3-க்குக் கீழ் ஆபத்து குறைவு, 2.67-க்கு மேல் நிபுணரைப் பார்க்க வேண்டும். நம் ஆய்வகங்கள் தட்டணுவை லட்சத்தில் தருவதால் 1.5 என்றே போட்டுவிடுவார்கள். 150 என்று போட வேண்டும், இல்லாவிட்டால் விடை நூறு மடங்கு ஏறிவிடும்.

இறுகிய ஈரல் இளகாது என்பது பழைய பாடம். 2013-இல் வெளியான ஆய்வில், வைரஸை அடக்கும் டெனோஃபோவிர் மருந்தை ஐந்தாண்டு எடுத்துக்கொண்ட ஹெபடைடிஸ் பி நோயாளிகளில் தொடக்கத்தில் சிரோசிஸ் இருந்த 96 பேரில் 71 பேருக்கு, திசுச் சோதனையில் அந்த நிலை மாறியிருந்தது. பெயரிலும் மாற்றம் வந்தது: 2015-இல் 'பிரைமரி பிலியரி சிரோசிஸ்' என்ற பித்தநாள நோயின் பெயரிலிருந்தே சிரோசிஸை நீக்கி, 'கோலாஞ்சைடிஸ்' (பித்தநாள அழற்சி) என்று மாற்றினார்கள். அந்நோயாளிகளில் பெரும்பாலோருக்குச் சிரோசிஸ் இருக்கவில்லை. கொழுப்பு ஈரல் அழற்சிக்கு 2024 மார்ச்சில் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற முதல் மருந்தான ரெஸ்மெடிரோம், எஃப்2, எஃப்3 நிலைக்குத்தான். எஃப்4-க்கு அந்த ஒப்புதல் இல்லை.

விறைப்பு எண் இறங்கிவிட்டாலும், ஒருமுறை சிரோசிஸ் வந்தவர் ஆறு மாதத்துக்கு ஒருமுறை அல்ட்ராசவுண்ட் பார்ப்பதை விடக் கூடாது. ஈரல் புற்றுநோய் வாய்ப்பு குறையும், போய்விடாது.