ஒரு சிம், நான்கு கணினிகள்

கம்பி வழி இணைப்பு இன்னும் வந்து சேராத தெருக்களில் வீட்டு இணையம் பெரும்பாலும் ஒரு சிம் கார்டை நம்பியே இருக்கிறது. சன்னலோரத்தில் வைத்த சிம் ரூட்டரோ, ஹாட்ஸ்பாட் போட்ட கைபேசியோ செல்பேசிக் கோபுரத்திலிருந்து இணையத்தை வாங்கி வைஃபையாக வீட்டுக்குள் தர, கூடத்து மேசைக் கணினி, பிள்ளைகளின் மடிக்கணினிகள், அலுவலக மடிக்கணினி என்று நான்கு கருவிகள் அதில் சேர்ந்துகொள்கின்றன. இதைத் தண்ணீர்க் குழாயோடு ஒப்பிட்டு, நான்கு பேர் திறந்தால் ஆளுக்குக் கால் பங்குதான் வரும் என்று விளக்குவது வழக்கம். அந்த ஒப்புமை பாதி வழியிலேயே நின்றுவிடுகிறது. குழாய்த் தண்ணீர் யார் குடத்தில் விழுந்தாலும் பயன்படும். இணையத்தில் தரவு சிறு சிறு துண்டுகளாக, அதாவது பொதிகளாக, வருகிறது. அப்படி வரும் ஒவ்வொரு தரவுப் பொதியும் குறிப்பிட்ட ஒரு கணினிக்கு, அதிலும் அக்கணினியில் திறந்திருக்கும் குறிப்பிட்ட ஒரு செயலிக்கு மட்டுமே உரியது. ஆனால் வெளியுலகுக்கு அந்த வீட்டில் தெரிவதோ ஒரே ஒரு முகவரி.

ஒரே முகவரி என்பது சிக்கனத்தால் வந்த நிலை. 1981இல் வரையறுக்கப்பட்ட இணைய நெறிமுறையின் (ஐ.பி.) நான்காம் பதிப்பில் ஒவ்வொரு முகவரியும் 32 பிட், அதாவது 32 இரும இலக்கங்கள், நீளமுடையது. ஆகவே மொத்தம் ஏறத்தாழ 429 கோடி முகவரிகளே சாத்தியம். பல்கலைக்கழகங்களும் ஆய்வுக்கூடங்களும் மட்டுமே இணைந்திருந்த காலத்தில் அது வற்றாத கிணறாகத் தோன்றியிருக்க வேண்டும். 1990களின் தொடக்கத்திலேயே பற்றாக்குறை கண்ணுக்குத் தெரிந்துவிட்டது. 2011 பிப்ரவரியில் உலகப் பொதுக் கையிருப்பின் கடைசித் தொகுதிகளும் பகிர்ந்தளிக்கப்பட்டுத் தீர்ந்தன. இடையில், 1994இல், புதிய பதிப்பு வரும்வரை சமாளிப்பதற்கென்று முன்வைக்கப்பட்ட ஏற்பாடுதான் முகவரி மாற்றம். தற்காலிகமாகப் போட்ட கொட்டகையில் முப்பது ஆண்டுகளுக்கு மேலாகக் குடியிருக்கிறோம்.

அதன் செயல்முறையைப் புரிந்துகொள்ள அரசு அலுவலகத்துத் தபால் பிரிவை நினைத்துக்கொள்ளலாம். அலுவலகத்துக்குள் பல பிரிவுகள் இருந்தாலும், வெளியே போகும் கடிதம் எல்லாம் ஒரே அலுவலக முகவரியிலிருந்துதான் போகிறது. ஒவ்வொன்றிலும் ஒரு ந.க. எண் இடப்படுகிறது. பதில் எழுதுபவர் அந்த எண்ணைப் ‘பார்வை’யில் குறிப்பிடுகிறார். பதில் வந்ததும் தபால் எழுத்தர் பதிவேட்டைப் புரட்டி, அது எந்தப் பிரிவுக்கு உரியது என்று கண்டு அனுப்பிவிடுகிறார். ரூட்டர் செய்வதும் ஏறக்குறைய இதுவே, ந.க. எண்ணின் இடத்தில், கணினியின் எந்தச் செயலி பேசுகிறது என்று காட்டும் போர்ட் எண் இருக்கிறது.

மடிக்கணினியின் முகவரி 192.168.1.5 என்று வைத்துக்கொள்வோம். 192.168 என்று தொடங்கும் முகவரிகள் உள்வீட்டுப் பயன்பாட்டுக்கென்றே ஒதுக்கப்பட்டவை. இதே முகவரி அடுத்த வீட்டிலும் இருக்கும், அடுத்த ஊரிலும் இருக்கும், வெளி இணையத்தில் செல்லாது. அந்த மடிக்கணினி தன் பக்கத்துப் போர்ட்டாக 51000ஐத் தேர்ந்தெடுத்து ஓர் இணையதளத்துக்குப் பொதி ஒன்றை அனுப்புகிறது. ரூட்டர் அதை இடைமறித்து, அனுப்புநர் முகவரியை அழித்துத் தன் முகவரியை எழுதுகிறது. 51000ஐயும் அழித்து, தான் இன்னும் வேறு எவருக்கும் கொடுக்காத ஓர் எண்ணை, 40001 என்று கொள்வோம், எழுதுகிறது. இந்த இணையைத் தன் நினைவகத்துப் பட்டியலில் பதிந்துகொள்கிறது. போர்ட்டையும் ஏன் மாற்ற வேண்டும் என்றால், கூடத்து மேசைக் கணினியும் அதே நேரத்தில் அதே தளத்துக்கு அதே 51000இலிருந்து பேசக்கூடும். இரண்டு கடிதங்களுக்கு ஒரே ந.க. எண் இருந்தால் எழுத்தர் என்ன செய்வார்? போர்ட் எண் 16 பிட் என்பதால் 65,536 எண்கள் கைவசம் உண்டு. ஓர் இணையப் பக்கத்தைத் திறப்பதற்கே சில சமயம் பத்துக் கணக்கில் இணைப்புகள் பிறக்கின்றன என்றாலும், ஒரு வீட்டுக்கு அது தாராளம்.

பட்டியலில் இல்லாத எண்ணுக்கு வெளியிலிருந்து பொதி வந்தால் யாரிடம் கொடுப்பது என்று ரூட்டருக்குத் தெரியாது, எறிந்துவிடும். முன்பின் தெரியாதவர்கள் வீட்டுக் கணினியை நேரடியாகத் தட்ட முடியாமல் போவது இந்த ஏற்பாட்டின் பக்க விளைவே தவிர, அதற்காக வடிவமைக்கப்பட்ட காவல் அல்ல. அதே காரணத்தால், வீட்டில் பொருத்திய கண்காணிப்புக் கேமராவை ஊரிலிருந்து பார்க்க விரும்பும் உரிமையாளரும் வாசலிலேயே நிற்க நேர்கிறது. கம்பி இணைப்பாக இருந்தால், ‘இந்தப் போர்ட்டுக்கு வருவதெல்லாம் கேமராவுக்கு’ என்று ரூட்டரில் நிரந்தரமாக எழுதிவைப்பது பல வேளைகளில் போதும். சிம் இணைப்பில் அது பெரும்பாலும் பலிப்பதில்லை. ஏனென்றால் செல்பேசி நிறுவனமும் தன் பங்குக்கு ஆயிரக்கணக்கான வாடிக்கையாளர்களை ஒரு சில முகவரிகளுக்குப் பின்னால் அடுக்கி, இன்னொரு முகவரி மாற்றத்தைச் செய்கிறது. இதற்கென்றே 2012இல் 100.64 என்று தொடங்கும் ஒரு தனித் தொகுதி ஒதுக்கப்பட்டது. இப்போதைய கேமராக்கள் உற்பத்தியாளரின் சர்வருக்குத் தாங்களே முதலில் பேசி இணைப்பைத் திறந்து வைத்திருப்பது இந்த இரட்டைப் பூட்டைத் தாண்டத்தான்.

உள்ளே எத்தனை கணினிகள் என்பது நிறுவனத்துக்குத் தெரியாது என்று நினைத்தால் அதுவும் முழு உண்மையல்ல. ஒவ்வொரு பொதியும் இன்னும் எத்தனை ரூட்டர்களைத் தாண்டலாம் என்ற எண்ணிக்கையைச் சுமந்து செல்கிறது. ஒவ்வொரு ரூட்டரும் அதில் ஒன்றைக் குறைக்கும். ஆண்ட்ராய்டு கைபேசி தானே அனுப்பும் பொதி வழக்கமாக 64இல் தொடங்கும். விண்டோஸ் கணினி 128இல் தொடங்கும். ஹாட்ஸ்பாட் வழியாகப் போன பொதி 127 என்று கோபுரத்தை அடைந்தால், கைபேசிக்குப் பின்னால் ஒரு கணினி ஒளிந்திருப்பது அம்பலம்.

இதெல்லாம் ரூட்டர் என்ற பெட்டி வீடுகளில் பரவுவதற்கு முன்பே நடந்திருக்கிறது. 1999இல் வந்த விண்டோஸ் 98இன் இரண்டாம் பதிப்பு, மோடம் பூட்டிய ஒரு கணினியே மற்றக் கணினிகளுக்கு வாசலாக இருக்கும் வசதியைத் தந்தது. அந்தக் கணினியை அணைத்தால் வீடு முழுவதும் இணையம் போய்விடும். ரூட்டர் என்பது அந்த ஒரு வேலைக்கென்றே எப்போதும் விழித்திருக்கும் சிறு கணினிதான்.

முகவரியைப் பகிர்வது கணக்குப்பிள்ளை வேலை. காற்றைப் பகிர்வதுதான் உண்மையான சிரமம். ஒரு வைஃபை தடத்தில், அதாவது ஒரே அதிர்வெண் பகுதியில், ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். இருவர் சேர்ந்து பேசினால் இருவர் பேச்சும் கேட்காது. 1971இல் நார்மன் ஆப்ராம்சன் தலைமையில் ஹவாய்ப் பல்கலைக்கழகம் தீவுகளை வானொலியால் இணைத்தபோது கையாண்ட விதி மிக எளிது: தோன்றும்போது பேசு, பதில் வராவிட்டால் சற்றுப் பொறுத்து மீண்டும் பேசு. அப்படிப் பேசினால், கணக்குப்படி, தடத்தின் கொள்ளளவில் 18 விழுக்காட்டுக்கு மேல் பயன்படுத்த இயலாது. வைஃபை அதைத் திருத்திக்கொண்டது. பேச விரும்பும் கருவி முதலில் காது கொடுத்துக் கேட்கிறது. 5 கிகாஹெர்ட்ஸ் தடத்தில் 34 மைக்ரோ விநாடி அமைதி நிலவினால், 0 முதல் 15 வரை குலுக்கலில் ஓர் எண்ணை எடுத்து, 9 மைக்ரோ விநாடிக்கு ஒன்றாக எண்ணி, பூச்சியம் வந்ததும் பேசுகிறது. எண்ணும்போதே வேறொருவர் பேசத் தொடங்கினால் எண்ணிக்கையை நிறுத்திவைத்து, அவர் முடித்த பிறகு விட்ட இடத்திலிருந்து தொடர்கிறது. பொதி சென்று சேர்ந்ததற்கான ஒப்புகை வராவிட்டால் மோதல் நிகழ்ந்ததாகக் கொண்டு, குலுக்கலின் எல்லையை 31, 63 என்று இரட்டித்துக்கொண்டே போகிறது, உச்சம் 1023. தலைவர் என்று எவரும் இல்லாத கூட்டத்தில் இத்தனை ஒழுங்கு நிலவுவது எனக்கு இன்றும் வியப்பாகவே இருக்கிறது.

வீட்டுக்கு வெளியே நிலைமை நேர் எதிர். 4ஜி கோபுரம் கண்டிப்பான மேற்பார்வையாளர். எந்தக் கருவி எந்த அதிர்வெண்ணில் பேச வேண்டும் என்று 1 மில்லி விநாடிக்கு ஒருமுறை தீர்மானிக்கிறது. சிம் ரூட்டருக்குள் இந்த இரண்டு உலகங்களும் ஒரே பெட்டியில் அடுத்தடுத்து அமர்ந்திருக்கின்றன.

தலைவரற்ற கூட்டத்துக்கும் ஒரு குறை உண்டு. அது பேசும் முறையைச் சமமாகப் பங்கிடுகிறது. பேசும் நேரத்தை அல்ல. 1,500 பைட் கொண்ட பொதியை 300 மெகாபிட் வேகத்தில் அனுப்ப 40 மைக்ரோ விநாடி போதும். இரண்டு சுவர்களுக்கு அப்பால் சமையலறையில் இருக்கும் கணினி, சமிக்ஞை நலிந்து 6 மெகாபிட்டுக்கு இறங்கிவிட்டால் அதே பொதிக்கு 2,000 மைக்ரோ விநாடி எடுக்கும். இருவருக்கும் மாறிமாறி முறை கிடைக்கும்போது, காற்றின் நேரம் முழுவதையும் ஏறக்குறைய சமையலறைக் கணினியே தின்றுவிடுகிறது. ரூட்டருக்குப் பக்கத்திலேயே அமர்ந்திருப்பவரின் வேகமும் அதளபாதாளத்துக்குப் போகிறது. பிரான்சின் கிரெனோபிள் நகர ஆய்வாளர்கள் 2003இல் இதை விளக்கிக் காட்டினார்கள். முறைக்குப் பதிலாக நேரத்தைச் சமமாக்கும் ரூட்டர்கள் பின்னர் வந்தன. எனினும், பழைய கருவி ஒன்று மூலையில் கிடந்து கோப்புகளைப் பதிவிறக்கிக்கொண்டிருந்தால் வீடே மந்தமாவதற்கு இன்றும் பெரும்பாலும் இதுவே காரணம். பக்கத்து வீட்டுக்காரர்களும் இந்தக் கூட்டத்தில் உறுப்பினர்களே: 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் 13 தடங்கள் எண்ணிடப்பட்டிருந்தாலும், அவை 5 மெகாஹெர்ட்ஸ் இடைவெளியில் அமைய, ஒவ்வொன்றும் 20 மெகாஹெர்ட்ஸ் அகலம் கொள்வதால், ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் வழக்கமாகப் பயன்படுபவை 1, 6, 11 ஆகிய மூன்றே.

இன்னொரு தொல்லை காற்றிலும் இல்லை, முகவரியிலும் இல்லை, வரிசையில் இருக்கிறது. ஒருவர் பெரிய காணொளிக் கோப்பை மேலேற்றத் தொடங்கியதும் மற்றொருவரின் காணொளி அழைப்பு திக்குகிறது. அழைப்புக்குத் தேவைப்படும் வேகம் மிகச் சிறிது. ஆனால் அதன் பொதிகள் காணொளிக் கோப்பின் பொதிகளுக்குப் பின்னால் ரூட்டரில் வரிசை நிற்கின்றன. மேலேற்ற வேகம் 5 மெகாபிட், ரூட்டரின் வரிசையில் 1 மெகாபைட் தேங்கியிருக்கிறது என்றால், கடைசியில் வந்த பொதி 1.6 விநாடி காத்திருக்க வேண்டும். உரையாடலில் அது பெருங்காலம். பொதி எதுவும் தொலைந்துவிடக் கூடாது என்ற நல்லெண்ணத்தில் நினைவகத்தைத் தாராளமாக வைத்ததன் விளைவு இது. ஜிம் கெட்டிஸ் என்ற பொறியாளர் 2010இல் தம் வீட்டு இணைப்பிலேயே இதைக் கண்டு உலகத்தின் கவனத்துக்குக் கொண்டுவந்தார். கேத்லீன் நிக்கல்ஸ், வான் ஜேக்கப்சன் இருவரும் 2012இல் தந்த தீர்வு, வரிசையின் நீளத்தை அளக்காமல் பொதி காத்திருக்கும் நேரத்தை அளக்கிறது; 5 மில்லி விநாடிக்கு மேற்பட்ட காத்திருப்பு விடாது நீடித்தால் சில பொதிகளை வேண்டுமென்றே வீசிவிடுகிறது. பொதி காணாமற்போனதை உணரும் அனுப்புநர் தாமாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்வார்; வரிசை கலையும். இதை நன்றாக இயக்க, இணைப்பின் வேகத்தைச் சற்றுக் குறைத்து ரூட்டருக்குச் சொல்லி வைக்க வேண்டும். நேரத்துக்கு நேரம் வேகம் மாறும் சிம் இணைப்பில் எந்த எண்ணைச் சொல்வது என்பது சிக்கலே. மாலை நேர நெரிசலில் கிடைக்கும் வேகத்தை ஒட்டிச் சொல்வது ஓரளவு பலன் தரும்.

ஐ.பி. ஆறாம் பதிப்பு பரவப் பரவ முகவரிச் சிக்கல் தளர்கிறது. அதில் ஒரு கைபேசிக்கு ஒதுக்கும் தொகுதியிலேயே 2இன் 64ஆம் அடுக்கு அளவுக்கு முகவரிகள் இருப்பதால், ஹாட்ஸ்பாட்டில் சேரும் ஒவ்வொரு கணினிக்கும் சொந்த முகவரியே கொடுத்துவிடலாம். காற்றுக்கும் வரிசைக்கும் அத்தகைய விடுதலை கிடையாது.

சிம் ரூட்டரை எங்கே வைப்பது என்ற கேள்விதான் கடைசியில் மிஞ்சும். கோபுரத்தோடு பேசும் ஆன்டெனா சன்னலை விரும்புகிறது. கணினிகளோடு பேசும் ஆன்டெனா வீட்டின் நடுவை விரும்புகிறது. ஒரு பெட்டிக்குள் இருக்கும் இரண்டையும் பிரிக்க முடியாது என்பதால், ரூட்டரைச் சன்னலிலேயே விட்டு, அங்கிருந்து ஒரு லேன் கம்பியைக் கூடத்துக்கு இழுத்து, இரண்டாவது வைஃபை பெட்டியை அங்கே வைப்பது நல்லது. இடம்விட்டு நகராத மேசைக் கணினியையும் கம்பியிலேயே சேர்த்துவிட்டால் காற்றில் ஒரு குரல் குறையும். ஒன்றே ஒன்றைக் கவனிக்க வேண்டும்: இரண்டாவது பெட்டியை, முகவரியை மாற்றாமல் வைஃபையை மட்டும் தரும் ‘அக்சஸ் பாயின்ட்’ முறையில் இயக்க வேண்டும். இல்லாவிட்டால் அதுவும் தனக்கென்று ஒரு பதிவேட்டைத் திறந்து, ஏற்கெனவே இரண்டு முறை மாறும் முகவரியை மூன்றாவது முறையும் மாற்றத் தொடங்கிவிடும்.