ஒரு துளைக்கு ஒரு கண்ணி

களுவாஞ்சிக்குடியிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். ரொறன்ரோவில் இருக்கும் மகளுக்குக் கழுத்தில் தொடங்கிக் கீழ்நோக்கி லேஸ் சுவெற்றர் பின்னுகிறார். தோளைச் சுற்றி இறங்கும் வட்டமான யோக் பகுதி உடலில் படியாமல் அலையலையாக நெளிந்து நிற்கிறதாம். சுற்றுக்கு எட்டுத் துளை விட்டுத்தான் பின்னியிருக்கிறார். "உனக்குக் கைராசி இல்லை என்கிறார்கள். உண்மையில் என்ன காரணம்?" என்பது அவருடைய கேள்வி.

கைராசிக்கும் இதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. நன்றாகப் பின்னக்கூடிய பெண்களை ஊசியைக் கீழே வைக்கச் செய்யும் சொல் அது. அதனாலேயே எனக்கு அதன்மேல் கோபம். இங்கே பிழைத்தது ஒரு கணக்கு மட்டுமே. அதுவும் க.பொ.த. சாதாரண தரத்துக்குள் எல்லோரும் படித்துவிடுகிற கணக்கு.

அடிப்படை எளியது. இரண்டு ஊசிகளை மெல்லிய வடம் இணைக்கும் வட்ட ஊசியில், தையல் மூட்டு இல்லாமல் சுற்றிச் சுற்றிப் பின்னுகிறோம். கழுத்தைவிடத் தோள் அகலம் என்பதால் போகப்போகக் கண்ணிகளை, அதாவது ஊசியில் நிற்கும் நூல் வளையங்களை, கூட்ட வேண்டும். யோக் முடிந்ததும் கைகளுக்குரிய கண்ணிகளை வேறு நூலில் கோத்து ஒதுக்கிவிட்டு உடலைத் தொடர்கிறோம்.

இனித் துளைக்கு வருவோம். லேஸில் துளையை யாரும் வெட்டுவதில்லை. எந்தக் கண்ணிக்குள்ளும் நுழைக்காமல், நூலை ஊசியின் மேல் வெறுமனே ஒருமுறை போட்டுவிட்டு அடுத்த கண்ணியைப் பின்னுகிறோம். மறுசுற்றில் வரும்போது அந்த வெற்று நூலும் ஒரு கண்ணியாக ஊசியில் இருக்கும். அதற்குக் கீழே கண்ணி எதுவும் இல்லாததால் அங்கே இடைவெளி விழுகிறது. ஆகவே ஒரு துளை விழுந்தால் ஒரு கண்ணி கூடிவிட்டது என்று பொருள். துணி அகலக் கூடாது என்றால் அருகிலேயே இரண்டு கண்ணிகளைச் சேர்த்து ஒன்றாகப் பின்னிவிட வேண்டும். கூடியதும் குறைந்ததும் சரியாகிவிடும், துளை மட்டும் மிஞ்சும். சேர்த்த கண்ணி வலப்பக்கம் சாய்கிறதா இடப்பக்கம் சாய்கிறதா என்பதை வைத்தே லேஸில் இலையும் கொடியும் உருவாகின்றன.

அந்தச் சேர்ப்பை வேண்டுமென்றே விட்டுவிட்டால் துளையும் கிடைக்கும், துணியும் அகலும். அழகுக்காகச் செய்த அசைவே அளவையும் கூட்டிவிடுகிறது! மேலிருந்து இறங்கும் லேஸ் யோக்கில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். எத்தனை துளைகளுக்கு இணையாக ஒரு சேர்ப்புப் போடுவது, எத்தனையை இணையின்றி விடுவது என்ற ஒரே முடிவில் ஒரு வளைபரப்பின் வடிவம் முழுவதும் அடங்கியிருக்கிறது.

வட்டத்தின் ஆரை ஓர் அங்குலம் கூடினால் சுற்றளவு 2π, அதாவது 6.28 அங்குலம் கூட வேண்டும். உங்கள் பின்னலில் ஓர் அங்குல அகலத்துக்கு 5 கண்ணியும், ஓர் அங்குல உயரத்துக்கு 7 சுற்றும் இருப்பதாகக் கொள்வோம். அப்படியானால் 7 சுற்றில் 31 கண்ணி, சுற்றுக்கு ஏறத்தாழ 4.5 கண்ணி கூடினால் துணி தட்டையான வட்டமாக விரியும். அதற்குக் குறைந்தால் கூம்பாகும். மிஞ்சினால் விளிம்புக்கு இடம் போதாமல் நெளியும். நீங்கள் கூட்டியது எட்டு. இப்படி நெளியும் பரப்புகளில் ஒரு வகையைக் கணிதத்தில் அதிபரவளைவுப் பரப்பு என்பார்கள். கோர்னெல் பல்கலைக்கழகத்தில் கணிதவியலாளர் டைனா டைமினா 1997இல் இதைக் கொக்கிப் பின்னலால் செய்து, மாணவர்கள் கையில் தொட்டுப் பார்க்கக் கொடுத்தார். பவளப் பாறைகளிலும் இந்த நெளிவு உண்டு.

தோளுக்கு வேண்டியது கூம்பு. 40 அங்குல மார்பளவுக்குக் கழுத்தில் 80 கண்ணி, யோக்கின் அடியில் 275 கண்ணி, இடையில் 10 அங்குல ஆழம் என்று வைத்தால், 70 சுற்றில் 195 கண்ணி கூட வேண்டும். சுற்றுக்கு 2.8.

இதை ஒவ்வொரு சுற்றிலும் துல்லியமாகப் பகிரத் தேவையில்லை. பின்னல் வடிவமைப்பாளர் எலிசபெத் சிம்மர்மனின் புகழ்பெற்ற வட்டச் சால்வை 9 கண்ணியில் தொடங்குகிறது. ஆரை இரட்டிக்கும்போது மட்டும் கண்ணிகளும் இரட்டிக்கும், இடையில் ஒரு கண்ணியும் கூட்டுவதில்லை. ஆனாலும் அது தட்டையாக விரிகிறது. காரணம், நூல் நீளாவிட்டாலும் கண்ணியின் வளைவு நிமிர்ந்து பக்கத்துக் கண்ணிக்கு இடம் கொடுக்கிறது. மருதமுனைக் கைத்தறிச் சாரத்தில் பாவும் ஊடும் நேராக ஓடுவதால் இந்த இழுவை கிடைக்காது. கம்பளியாக இருந்தால் தண்ணீரும் உதவும். நனைத்து, விரித்துக் குண்டூசி குத்திவைத்தால் கம்பளிப் புரதத்தின் ஐதரசன் பிணைப்புகள் அவிழும், உலரும்போது புதிய வடிவில் மீண்டும் பிணையும். மாரி காலத்து ஈரத்தில் கம்பளி உலர நாள் பிடிக்கும். முழுதாக உலரும் முன் குண்டூசிகளைக் கழற்றினால் வடிவம் நிற்காது.

அமெரிக்காவின் ஜோர்ஜியா தொழில்நுட்ப நிறுவனத்தில் எலிசபெட்டா மட்சுமோட்டோவின் குழு இதையே இயற்பியலாக ஆராய்கிறது. ஒரே நூலில் கண்ணிகளின் ஒழுங்கை மட்டும் மாற்றினால் துணியின் மீள்தன்மை எப்படி மாறும் என்பதை 2024இல் வெளியிட்டார்கள். இலங்கை ஆராய்ச்சிக்கு ஒதுக்கும் பணம் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஒரு சதவீதத்தின் கால் பங்கைக்கூட எட்டுவதில்லை. வந்தாறுமூலையிலும் ஒலுவிலிலும் பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன, சுற்றிலும் தறியும் ஊசியும் அறிந்த கைகள் இருக்கின்றன. அந்தக் கைகளின் அறிவை அளந்து எழுத ஒரு சிறு நிதியாவது ஒதுக்கப்பட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

அம்மா, நெளிவு தொடங்கிய சுற்றுவரை பிரித்துவிடுங்கள். எட்டுத் துளையையும் அப்படியே விடலாம். அவற்றில் ஐந்துக்கு மட்டும் அருகில் இரண்டிரண்டு கண்ணிகளைச் சேர்த்துப் பின்னுங்கள். அப்போது சுற்றுக்கு மூன்றுதான் கூடும். மேலே சொன்ன அளவில் முதலிலிருந்தே பின்னினால் 65ஆவது சுற்றில் 275 கண்ணி வந்துவிடும், மீதி ஐந்து சுற்றிலும் எட்டுத் துளைக்கும் இணை போட வேண்டும். உங்கள் நூலுக்கு 5க்கும் 7க்கும் பதிலாக வேறு எண்கள் வரலாம். அதே லேஸில் ஒரு சிறு துண்டு பின்னி, கழுவி உலர்த்திய பிறகு அளந்து பாருங்கள்.