இடர்க்காரணி: காரணம் வேறு, காரணி வேறு

பெரியம்மாவுக்குச் சர்க்கரை நோய் தெரிய வந்து 14 வருடம். கண் பரிசோதனைக்குக் கூப்பிட்டால், "ஊசியில நூல் கோக்குறேன், எனக்கு என்ன கண்ணுல கோளாறு?" என்பார். போன வருடம் ஒருவழியாக அழைத்துப் போனோம். சொட்டு மருந்து விட்டு, கண்மணி விரியும்வரை கண்ணை மூடி உட்காரவைத்தார்கள். எதிர்ச் சுவரில் 'சர்க்கரை நோயில் பார்வை பாதிக்கக் காரணங்கள்' என்று ஒரு பலகை. ரத்த அழுத்தம், கொழுப்பு, புகைபிடித்தல் என்று நீண்டது வரிசை. வாசித்துக் காட்டினேன். "பிரஷர் இல்ல, புகை இல்ல. அப்ப எனக்கு வராது" என்றார். ஆனால் விழித்திரையில் பாதிப்பின் அடையாளமான சிவப்புப் புள்ளிகள் இருந்தன.

அவர் மேல் தவறில்லை. பலகையில் இருந்திருக்க வேண்டிய சொல் 'இடர்க்காரணிகள்'.

ஆங்கிலத்தில் ரிஸ்க் ஃபாக்டர். அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஃபிரேமிங்ஹாம் ஊரில் 1948இல் தொடங்கிய இதய நோய் ஆய்வுதான் இதைப் பரப்பியது. 1961இல் அந்தக் குழு வெளியிட்ட கட்டுரைக்குப் பிறகு மருத்துவத்தில் நிலைத்துவிட்டது. இது இருப்பவருக்கு நோய் வரும் வாய்ப்பு கூடுதல் என்பதுதான் பொருள். இருந்தால் வந்தே தீரும் என்றோ, இல்லாவிட்டால் வராது என்றோ பொருள் இல்லை.

ஃபாக்டர், 'செய்' என்று பொருள்படும் லத்தீன் வினையிலிருந்து வந்தது. நம் 'காரணம்' வடமொழியில் 'க்ரு' என்ற வேரிலிருந்து. அதுவும் 'செய்' தான். அந்தக் காரணத்தை ஒட்டி வந்த 'காரணி'யைப் பள்ளிக் கணக்கில் எல்லாரும் படித்திருக்கிறோம். 12க்கு 3 ஒரு காரணி. ஆனால் 3 மட்டும் தனியாக 12 ஆகிவிடாது. கூட 4 வேண்டும். மருத்துவக் காரணியைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

முன்பாதியான 'ரிஸ்க்'குக்கு 'அபாயம்', 'ஆபத்து' இரண்டும் புழக்கத்தில் உண்டு. இரண்டும் வடசொற்கள். அபாயத்தில் ஒரு நெடிலைக் குறிலாக்கினால் 'அபயம்', நேர் எதிர்ப்பொருள். ஆபத்தோ, இதோ வந்துவிட்டது என்று பதற வைக்கும். 'இடர்' தமிழ்ச்சொல். "இடரினும் தளரினும் எனதுறுநோய் தொடரினும்" என்று சம்பந்தர் பாடும்போது இடரும் நோயும் வேறு வேறாகவே நிற்கின்றன. பேரிடர் மேலாண்மை என்ற பெயரால் இன்றும் காதுக்குப் பழகிய சொல். அதனால் என் தேர்வு இடர்க்காரணி.

சரி, சர்க்கரை நோயாளியின் கண்ணுக்கு எவையெல்லாம் இடர்க்காரணி? மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை முக்கியமானது. முதல் வகை நீரிழிவு (உடலில் இன்சுலின் சுரப்பே அநேகமாக நின்றுபோவது) உள்ளவர்களிடம் நடந்து 1993இல் வெளியான அமெரிக்க, கனடா ஆய்வில், சர்க்கரையைக் கடுமையாகக் கட்டுக்குள் வைத்தபோது, கண் பாதிப்பே இல்லாமல் சேர்ந்தவர்களுக்கு அது புதிதாக வருவது 76 சதவீதம் குறைந்தது. ரத்த அழுத்தமும் சாதாரணமில்லை. பெரும்பாலோருக்கு வரும் இரண்டாம் வகை நீரிழிவு உள்ளவர்களிடம் நடந்த பிரிட்டன் ஆய்வு 1998இல் காட்டியது: அழுத்தத்தை இறுக்கிப் பிடித்தாலே கண் பாதிப்பு முற்றுவது 34 சதவீதம் குறைகிறது. அப்புறம் சிறுநீரகக் கோளாறு, ரத்தக் கொழுப்பு. ஏற்கெனவே சர்க்கரை நோய் உள்ள பெண் கருவுற்றால் அந்த மாதங்களில் கண் பாதிப்பு வேகமெடுக்கலாம். முதல் மூன்று மாதத்துக்குள் விழித்திரையைப் பார்த்துவிட வேண்டும்.

இத்தனைக்கும் மேலே ஒன்று, காலம். நோயோடு எத்தனை வருடம் வாழ்ந்திருக்கிறோம் என்பது. முதல் வகையில் 20 வருடம் கடந்தால் அநேகமாக எல்லார் விழித்திரையிலும் ஏதாவது ஒரு தடம் இருக்கும். இரண்டாம் வகையில் பாதிப் பேருக்கும் மேல். இரண்டாம் வகை வெளியே தெரிவதற்குச் சில வருடம் முன்பே உள்ளே தொடங்கியிருக்கலாம். அதனால்தான் அவர்களுக்கு நோய் தெரிந்த உடனேயே முதல் கண் பரிசோதனை செய்யச் சொல்கிறார்கள்.

அன்று பெரியம்மா டாக்டரிடம் கேட்டது இதைத்தான்: "நான் என்னம்மா தப்பு பண்ணேன்?"

"ஒண்ணும் பண்ணலம்மா. 14 வருஷம் ஆச்சுல்ல, அதுவும் ஒரு காரணிதான்" என்றார் அந்தப் பெண் மருத்துவர். 'காரணி' என்றே சொன்னார்.